வாசலுக்கு வெளியே நாலு முழம்

வெண்ணந்தூரில் ஒரு வீடு எங்கே முடிகிறது என்பதைப் பத்திரத்தைப் பிரித்தால் தெரிந்துகொள்ளலாம். கிழக்கே இன்னாருடைய மனை, மேற்கே பொதுச்சந்து, வடக்கே தெரு என்று செக்குபந்தி எழுதியிருக்கும். அந்த வீட்டின் வாழ்க்கை எங்கே முடிகிறது என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. ராசிபுரம் வட்டத்தில், அலவாய்மலையை அண்டியிருக்கும் இந்தப் பேரூராட்சி நெசவால் வளர்ந்த ஊர். நெசவாளர் குடும்பத்தின் வீடு ஒருநாளும் நான்கு சுவருக்குள் அடங்கியதில்லை.

கைத்தறி மட்டுமே இருந்த காலத்தில் ஒரு பாவு தறிக்குழிக்குப் போகும் முன் தெருவுக்கு வந்தாக வேண்டும். பல சேலைகளுக்கான இழைகளை ஒன்றாக நீட்டினால் வீட்டைப் போலப் பல மடங்கு நீளம் வரும். வெயில் ஏறுவதற்குள் கவைகளை ஊன்றி, பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இருபுறமும் ஆட்கள் நின்று இழையோடு இழை ஒட்டாமல் ஆற்றி, அறுந்ததை முடிந்து எடுப்பார்கள். அந்தப் பாவு பத்து வீட்டு வாசலைக் கடந்து கிடக்கும். மாட்டை அவிழ்ப்பவரும் வண்டி ஓட்டுபவரும் சுற்றித்தான் போக வேண்டும். இன்று இவர் பாவுக்கு அவர் கை கொடுத்தால், நாளை அவர் பாவுக்கு இவர் கை. சேலம், நாமக்கல் வட்டாரத்து நெசவூர்கள் பலவற்றில் இதற்கென்றே பொதுவில் விட்ட இடத்துக்குப் பாவடி என்று பெயர். பாவு ஆற்றுவது நின்று, சைசிங் மில்லிலிருந்து பீம் வந்து இறங்கும் காலத்திலும் பல ஊர்களில் பாவடித் தெருவும் பாவடி மைதானமும் பெயரளவிலாவது இருக்கின்றன.

அடுத்தவர் வாசலில் தன் பாவை நீட்டுகிறவர் வாங்குவது தயவா, உரிமையா? வாசலை விட்டுக்கொடுப்பவர் செய்வது தானமா, கடமையா? நம் சமய நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளறிக்கொண்டிருக்கும் கேள்வியின் ஒரு முனை இது. வீடு என்பது காத்துக்கொள்வதற்கான இடமா, கொடுப்பதற்கான இடமா?

திருக்குறளின் இல்லறவியல் இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை என்று வீட்டின் உள்ளிருந்து தொடங்குகிறது. அதற்கு அடுத்த அதிகாரமே, ஒன்பதாவது, விருந்தோம்பல். அன்பைப் பேசி முடித்த கையோடு வள்ளுவர் வாசல் கதவைத் திறக்கிறார். உள்ளே உள்ளவர்களை நேசிப்பதோடு இல்லறம் நிறைந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தால் அன்புடைமையோடு நிறுத்தியிருக்கலாம்.

சேக்கிழார் இதை இன்னும் கடுமையாகக் கேட்டார். பெரியபுராணத்தின் இளையான்குடி மாறநாயனார் செல்வம் வற்றிப்போனவர். மழை இரவில் ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார். வீட்டில் அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் அரித்து எடுத்து வருகிறார் நாயனார். அடுப்பெரிக்க விறகும் இல்லை. கூரையில் இருந்த மரச்சட்டத்தை அறுத்துத் தருகிறார். வந்தவரின் பசியை ஆற்ற வீட்டையே எரிக்கத் துணிந்த இல்வாழ்வான் அவர். அதே நூலில் நேச நாயனார் நெசவாளர். நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியாருக்குக் கொடுத்ததே அவர் தொண்டு. ஒருவர் கூரையைக் கொடுத்தார், மற்றவர் துணியைக் கொடுத்தார். உடம்பை மூடும் இரண்டு கூடுகளையும் பிறருக்கு உரியதாக ஆக்கிக் காட்டியிருக்கிறார் சேக்கிழார்.

வைணவ மரபு வைத்திருக்கும் கதை இவற்றைவிட எளியது, அதனாலேயே இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானது. திருக்கோவலூரில் மழை கொட்டும் இரவு. ஒரு குடிலின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். படுக்கை உட்காரும் இடமாகிறது. பேயாழ்வார் வருகிறார், மூவரும் நின்றுகொள்கிறார்கள். மூவருக்குமே போதாத அந்த இருட்டில் நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள். விளக்கு இல்லை. பாட்டையே விளக்காக ஏற்றிப் பார்த்தால் நெருக்கியவன் பெருமாள். ஆளுக்கு நூறு பாட்டாக மூன்று திருவந்தாதிகள் அங்கே பிறந்தன என்பது மரபு.

இறைவன் பூசை அறைக்கு வரவில்லை, கூடத்துக்கும் வரவில்லை. வாசலுக்கும் உள்கட்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய நடைக்கு வந்தான். அதுவும் முதலில் வந்தவர் காலை மடக்கி, இரண்டாமவர் எழுந்து நின்று இடம் கொடுத்த பிறகு வந்தான். பொய்கையார் அந்த இரவு காலை நீட்டியபடியே கிடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? வீட்டின் புனிதம் ஈசான மூலையில் இருக்கிறது என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கதை அதை இடைகழியில் வைக்கிறது, இன்னொருவருக்காக ஒடுங்கிக்கொண்ட உடம்பில் வைக்கிறது.

திண்ணையைப் பற்றி நாம் எழுதும்போது கண் ஈரமாகிவிடும் வழக்கம் உண்டு. வழிப்போக்கர் படுத்தார், தண்ணீர்ச் சொம்பு இருந்தது, ஊர்ப்பேச்சு நடந்தது என்று அடுக்குவோம். எல்லாம் உண்மை. எந்த வழிப்போக்கர் என்பதையும் சேர்த்தால்தான் முழு உண்மை. திண்ணையில் உட்காரக்கூடாதவர், தெருவில் செருப்போடு நடக்கக்கூடாதவர், அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாதவர் என்று படிப்படியாக எல்லை போட்டதும் இதே வீடுகள்தான். பாவடியில் பாவு நீட்டும் உரிமையும் நெசவாளர் சமூகத்தாரோடு நின்றது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் இரு தெருக்களுக்கு நடுவே சுவர் எழும்பியது. தலித் மக்களை மறித்து நின்ற அதன் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டு வழி திறந்தது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சரிந்து பக்கத்து வீடுகளில் தூங்கியவர்கள்மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள், அனைவரும் தலித்துகள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அந்த மக்கள் சொன்னார்கள்.

தெருவைப் பிரித்துத்தான் தமிழன் வாழ வேண்டுமா என்று அரசே கேட்ட ஒரு முயற்சியும் உண்டு. 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடு. அதில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சாதிக்கு ஒரு தெரு என்று பிரிக்காமல் கலந்து கொடுத்தார்கள், சுடுகாடும் பொது. பின்னர் மாநிலம் முழுக்க இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அப்படிப்பட்ட குடியிருப்புகள் வந்தன. பராமரிப்பு போதவில்லை, வேலை கிடைக்கும் ஊரிலிருந்து தள்ளியிருக்கிறது என்ற குறைகள் நியாயமானவை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைச் சாதியிடமிருந்து பறித்த திட்டம் அது. அந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்நாட்டின் வீட்டு வரலாற்றில் அதற்கு இப்போது கிடைப்பதைவிடப் பெரிய இடம் தர வேண்டும்.

வீட்டையும் விலக்கத்தையும் பற்றிய இந்தக் கணக்கு நமக்கு மட்டும் உரியதில்லை. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதர் சபை, 23 வயது இளைஞன் ஒருவனைச் சமூகத்திலிருந்து தள்ளிவைத்தது. அவன் எழுதியதை யாரும் வாசிக்கக்கூடாது, அவனிருக்கும் கூரையின்கீழ் யாரும் இருக்கக்கூடாது, நாலு முழத்துக்குள் நெருங்கக்கூடாது என்பது தீர்ப்பு. அந்த இளைஞன் ஸ்பினோசா. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்று பின்னாளில் எழுதிய தத்துவவாதி. விலக்கலை எத்தனை முழம் என்று அளந்து எழுதும் பழக்கம் அங்கும் இருந்திருக்கிறது என்பது தமிழ் வாசகரை உலுக்க வேண்டிய செய்தி. இத்தனை அடி தள்ளி நில் என்று சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அதன் பிறகு ஸ்பினோசா சொந்த வீடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ரைன்ஸ்பர்க், வோர்பர்க், கடைசியில் தி ஹேக் என்று அடுத்தவர் வீட்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார். கண்ணாடி வில்லை தேய்த்துச் சம்பாதித்தார். நெசவாளரைப் போலவே தொழிலும் தூக்கமும் ஒரே கூரையின்கீழ். தி ஹேக்கில் ஓர் ஓவியரின் குடும்பம் அவருக்கு மாடியில் இடம் கொடுத்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள். மாலையில் கீழே இறங்கி வந்து அவர்களோடு பேசிக்கொண்டிருப்பாராம். என் மதத்தில் இருந்தே நான் கடைத்தேற முடியுமா என்று வீட்டுக்கார அம்மா ஒருமுறை கேட்டதாகவும், உங்கள் மதம் நல்லதே, வேறு தேட வேண்டாம், பக்தியோடு அமைதியாக வாழ்ந்தால் போதும் என்று அவர் சொன்னதாகவும் 1705-இல் வரலாறு எழுதிய கொலேரஸ் என்ற பாதிரியார் பதிவு செய்கிறார். 1677-இல், 44 வயதில், அந்த வாடகை வீட்டிலேயே இறந்தார். ஐரோப்பியச் சிந்தனையைப் புரட்டிப்போட்ட ‘அறவியல்’ முற்றுப்பெற்றது அந்த ஊர் வாடகை அறையில்தான். நாலு முழத்தை மதிக்காத ஒரு குடும்பம் கீழே இருந்திருக்கிறது.

ஸ்பினோசாவின் நாடான நெதர்லாந்தின் இன்றைய குடியிருப்புத் தெருக்களைப் பற்றிப் பேசினால் திரை போடாத ஜன்னல்களைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். மறைக்க எதுவும் இல்லை என்று காட்டும் கால்வினியச் சமயப் பழக்கம் அது என்று விளக்கம் சொல்வதும் உண்டு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைவிட அந்த நாட்டின் சிவில் சட்டத்தில் அக்கம்பக்கம் பற்றி எழுதியிருப்பது சுவையானது. உன் கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழாதபடி கூரையை அமைத்துக்கொள். எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் அடுத்தவர் மனையைப் பார்க்கும் ஜன்னல் வைக்காதே. உன் சுவரைப் பூச அடுத்தவர் இடத்தில் ஏணி வைத்தே ஆக வேண்டுமென்றால், முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கேட்டால் அவர் இடம் கொடுக்க வேண்டும், சேதம் நேர்ந்தால் நீ ஈடு செய்ய வேண்டும். கூரைத் தண்ணிக்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கும் பங்காளிகள் நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேர்! ஏணி வைக்க விடமாட்டேன் என்றதால் ஒருபக்கம் பூசாமலே நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்க்காத தெரு எது? என் மனை என்னுடையதுதான், ஆனால் அதன் ஓரத்தில் அடுத்தவரின் ஏணிக்கும் ஒரு பங்கு உண்டு என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

தெருவைப் பற்றிய அவர்கள் முடிவு இன்னும் துணிச்சலானது. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஏற்கெனவே டெல்ஃப்ட் நகரில் குடியிருப்புத் தெருக்களை வளைத்து, மரம் நட்டு, பெஞ்சு போட்டு, வண்டி ஊர்ந்து மட்டுமே போகும்படி மாற்றத் தொடங்கியிருந்தார்கள். வூன்எர்ஃப் என்று அழைக்கப்பட்ட அந்தத் தெருக்களுக்கு 1976-இல் சட்ட அங்கீகாரம் வந்தது. அங்கே நடப்பவரும் விளையாடும் பிள்ளையும் தெருவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். வண்டிக்காரர் மெதுவாகத்தான் வர வேண்டும். பாவு கிடக்கும்போது வண்டி சுற்றிப் போன நெசவாளர் தெருவின் நியாயம்தான் இதுவும். கடந்து போகிறவரைவிட அங்கே வாழ்கிறவருக்கே தெருவில் முதல் பாத்தியதை.

ஈழப் போரில் வீடிழந்த தமிழர்கள் பலர் 1980-களிலிருந்து இந்த நாட்டுக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். வடக்கே டென் ஹெல்டர் நகரில் அவர்கள் கோபுரத்தோடு ஒரு விநாயகர் கோயிலை எழுப்பியிருக்கிறார்கள். விட்டு வந்த ஊரில் வீட்டுப் பத்திரம் இருந்தது, வீடு இல்லாமல் போனது. வந்த ஊரில் பத்திரம் இல்லாமல் ஒரு கதவு திறந்தது. சொந்த வீடு என்ற சொல்லை இவர்களைவிட ஆழமாக யோசித்தவர்கள் குறைவு.

ஸ்பினோசா இறந்த அதே தி ஹேக் நகரத்துப் பதிப்பகம் ஒன்று 1961-இல் ‘முழுமையும் முடிவிலியும்’ என்ற பிரெஞ்சு நூலை வெளியிட்டது. எழுதியவர் இமானுவேல் லெவினாஸ். லிதுவேனியாவில் பிறந்த யூதர். போர்க்கைதியாக ஜெர்மன் முகாமில் இருந்தவர். பெற்றோரையும் தம்பிகளையும் நாஜிகளிடம் இழந்தவர். வீட்டைப் பற்றி அந்த நூல் நெடுக யோசிக்கிறது. மனிதனுக்கு வீடு வேண்டும், ஒதுங்கித் தன்னைச் சேர்த்துக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்பதை லெவினாஸ் மறுக்கவில்லை. ஆனால் கதவைத் தட்டுகிறவர் முகம் எதிரே வரும்போதுதான் அந்த வீடு என்னுடையதா என்ற கேள்வியே பிறக்கிறது என்கிறார். வீட்டுக்காரரும் அந்த வீட்டால் வரவேற்கப்பட்டவர்தான், தனக்குக் கிடைத்த வரவேற்பைத்தான் அவர் அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார் என்பது அந்தச் சிந்தனையின் சாரம். இடைகழியில் பொய்கையாரும் அப்படித்தானே இருந்தார்? அது அவர் வீடு அல்ல. மழைக்கு அவரும் ஒதுங்கியவர். பின்னால் வந்தவரைவிட அவருக்கு இருந்த ஒரே உரிமை, சற்று முன்னால் வந்தது.

இனி வெண்ணந்தூருக்கு. இந்த வட்டாரத்தில் இப்போது கைத்தறியைவிட விசைத்தறியின் சத்தமே அதிகம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023-இல் அரசு உயர்த்தியது. வீட்டின் முன்பகுதியிலேயே தறி போட்டு ஓட்டும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆதரவு. கைத்தறி தெருவை இடமாகக் கேட்டது, விசைத்தறி தெருவைச் சத்தமாகக் கேட்கிறது. பாவுக்காக வாசலை விட்ட அண்டை வீட்டுக்காரர் இப்போது தூக்கத்தை விட வேண்டியிருக்கிறது. ராத்திரி ஷிப்ட் ஓடினால்தான் கடனுக்கு வட்டி கட்ட முடியும் என்பவரும் நியாயமானவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்பவரும் நியாயமானவர். முன்பு இருவரும் ஒரே தொழில், ஒருவர் உதவி ஒருவருக்குத் தேவைப்பட்டது. இப்போது ஒருவர் பஞ்சாலைக்குப் போகிறார், இன்னொருவர் மகன் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறார். பரஸ்பரத் தேவை அறுந்த இடத்தில் அக்கம்பக்க அறம் எதைப் பிடித்து நிற்கும் என்பது இப்போதைய உண்மையான சிக்கல்.

புதிதாகக் கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை. இருந்த இடத்தில் கம்பிக் கேட்டும் பைக் நிறுத்தும் இடமும் வந்துவிட்டன. ரோடு போடும்போதெல்லாம் மேலே மேலே போடுகிறார்கள். வசதியுள்ளவர் வீட்டை உயர்த்தி, வாசலிலிருந்து தெருவுக்குள் சிமெண்ட் சரிவு இறக்குகிறார். தாழ்ந்த வீட்டுக்காரர் நடையில் மழைத் தண்ணீர் நிற்கிறது. பத்திரப்படி யாரும் யார் எல்லையையும் தாண்டவில்லை. தண்ணீர் தாண்டுகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சோதனை, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளின் வாசலில் நடக்கிறது. இந்தக் கொங்குச் சமவெளியின் தறிகளிலும் கோழிப்பண்ணைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரே அறையில் பலர் படுத்து எழுகிறார்கள். வீடு கேட்டு வருகிற தமிழ்க் குடும்பத்திடம் வாடகையைச் சொல்லும் முன்பே ‘எந்த ஊருங்க? நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஒரு பதில், வேற்று மதத்தாருக்கு ஒரு பதில், காலனிக்காரருக்கு இன்னொரு பதில். மரியாதை குறையாமல், ‘இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்’ என்று முடிந்துவிடும். ஆம்ஸ்டர்டாமின் நாலு முழத்துக்கு நம் ஊரின் இன்றைய பேச்சுவழக்கு இது.

நெதர்லாந்திலும் வெளிநாட்டுப் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லும் வாடகை முகவர்கள் இருந்தார்கள். அங்கே வீட்டுப் பற்றாக்குறை லட்சக்கணக்கில் இருக்கிறது, அதனால் மறுப்பது எளிது. 2023 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த நல்ல வீட்டு உரிமையாளர் சட்டம், குடிவருபவரை எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமையை வாடகைக்கு விடுபவர்மேல் வைத்தது. நகராட்சிக்கு அபராதம் போடும் அதிகாரமும் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2019-இல் அமலான வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம், முன்பணம், காலி செய்வது பற்றியெல்லாம் பேசுகிறது. வாசலில் கேட்கப்படும் அந்த முதல் கேள்வியை அது தொடவில்லை.

சட்டம் தொடும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? மார்கழியில் இந்த ஊர்களின் பெருமாள் கோயில்களில் திருப்பாவை ஓதப்படுகிறது. ஐப்பசியில் முதலாழ்வார் திருநட்சத்திரங்கள் வருகின்றன. இடைகழிக் கதையைச் சொல்லாத உபன்யாசகர் இல்லை. கேட்பவர்களில் பலர் இரண்டு மூன்று லைன் வீடுகள் வாடகைக்கு விட்டிருப்பவர்கள். அந்தக் கதையை வாடகை வீட்டோடு சேர்த்துச் சொல்ல ஒரு உபன்யாசகர் முன்வரலாம். பேரூராட்சி மன்றம் ரோட்டை உயர்த்தும் முன் தாழ்ந்த வீடுகளைக் கணக்கெடுக்கலாம். தறிக்காரர்களும் தெருக்காரர்களும் கூடி உட்கார்ந்து ராத்திரி எத்தனை மணிக்கு ஓட்டத்தை நிறுத்துவது என்று பேசி முடிக்கலாம். பாவு கிடக்கும் நேரத்தை இதே தெருக்கள் ஒருகாலத்தில் அப்படித்தான் பேசி முடித்தன. இந்த முறை கூடும் கூட்டத்தில் லைன் வீட்டுக்காரர்களுக்கும், ஒடிசாவிலிருந்து வந்து தறி ஓட்டுகிறவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.